ஒருபாட்டு அண்ணனின் போன்

கோயம்புத்தூரில் ஒருபாட்டு அண்ணனிடம் மாட்டாதவர்கள் மொத்தம் நான்கு பேர் இருந்தால் அதிகம். அவர்களும் அன்றைக்கு வெளியூர் போயிருப்பார்கள்.

பீளமேட்டில் நானும் அவரும் ஒரே அறையில் குடியிருந்தோம். பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர். புதுப்பாட்டு என்றால் உயிரை விடுவார். ஆனால் மார்கழியில் ஒரு பஜனை கேட்ட பாவத்துக்கு, அவர் போனில் இருந்த பாட்டு ஆப் ஆடி மாதம் வரை பஜனையாகவே போட்டுத் தள்ளியது.

"உலகத்துப் பாட்டெல்லாம் இதுக்குள்ள இருக்குதாமா. எனக்கு மட்டும் கேட்டதையே போடுதுங்க" என்று நொந்துகொண்டார்.

அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். யாரைப் பார்த்தாலும் போனை நீட்டி, பிடித்த பாட்டு ஒன்று போடச் சொல்வார். போட்டவர் பக்கத்திலேயே நின்று கடைசி வரை கேட்பார். பாதியில் நிறுத்துவது மரியாதை இல்லையாம். ஒடிசாத் தொழிலாளி ஒருவர் போட்ட பாட்டு ஏழு நிமிஷம் ஓடியதில், ஊருக்குப் போக வேண்டிய காரமடை பஸ் போயே போய்விட்டது. பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டரிடமும் நீட்டினார். ஊசி போட்ட ஈறு மரத்துப்போகும் வரை இருவருமாக உட்கார்ந்து கேட்டார்களாம்.

பெண் பார்க்கப் போன வீடுகளில் பெண்ணின் அப்பாவிடமும் நீட்டியதால் இரண்டு சம்பந்தம் கைநழுவிப் போயின. மூன்றாவதாக உடுமலைப்பேட்டைக்குப் பெண் பார்க்கக் கிளம்பியபோது, இதுவும் போனால் தாங்கமாட்டேன் கண்ணு என்று அவருடைய அம்மா என்னிடம் கண் கலங்கினார். அண்ணனிடமிருந்து போனை வாங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பெண் வீட்டில் நான் கேசரித் தட்டை வாங்கிய நேரம் பார்த்து, அண்ணன் அதைப் பையிலிருந்து உருவிவிட்டார். நேராகப் பெண்ணிடமே நீட்டினார்.

"ஏனுங்க, உங்களுக்குப் புடிச்ச பாட்டு ஒண்ணு போடுங்க."

அவருடைய அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெண் போனில் இருந்த பட்டியலைப் பார்த்துக்கொண்டே போனாள். பஜனை, ஒடியா, தாலாட்டு, ஒப்பாரி.

"இதெல்லாம் நீங்க கேக்கறதுங்களா?"

ஒவ்வொன்றையும் யார் கொடுத்தது என்று அண்ணன் பொறுமையாகச் சொன்னார். பல் டாக்டர் வரைக்கும் கேட்டுவிட்டு அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒண்ணே ஒண்ணுன்னா சட்டுனு சொல்ல முடியாதுங்க. நம்பர் குடுத்துட்டுப் போங்க, யோசிச்சு நாளைக்குச் சொல்றேனுங்க."

அடுத்த வருஷம் ஆவணியில் கல்யாணம்.

இப்போது அறையில் நான் மட்டும். என் போனும் கேட்டதையே போட்டுக்கொண்டிருக்கிறது. நேற்று டீக்கடையில், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம் கூச்சத்தை விட்டுப் போனை நீட்டினேன். அவர் போட்ட பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அண்ணனை நினைத்துக்கொண்டு, முடியும் வரை நின்றேன்.