உமது சிலிண்டரில் நான் இழுத்த காற்று சம்பந்தமாக

மோர்னிங்சைட்,
செப்டெம்பர் 16

திரு. தியாகலிங்கம் அவர்களுக்கு,

இவ்விடம் நானும் உங்கள் தமக்கை கௌசியும் சுகம். உங்கள் சுகத்தை விசாரிப்பது கடித மரியாதை என்பதால் விசாரிக்கிறேன், பதில் எதிர்பார்க்கவில்லை. ஏழு வருடமாக நாங்கள் இருவரும் பேசாமல் ஒழுங்காக இருந்து வந்தோம். அது குலைந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுத்தில் தருகிறேன்.

முந்தநாள் மில்லிக்கன் பிளாசாவில் கொத்துரொட்டிக்கு நின்றேன். பின்னால் நின்ற உங்கள் சிநேகிதன் சீமோன் தோளில் தட்டி, "என்ன அன்புராசா அண்ணை, மச்சான்ர காத்தில உயிர் தப்பினனீங்களாம்" என்றான். கடைக்காரர் கொத்துறதை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பார்த்தார். ஆகவே நடந்ததை நடந்தபடி பதிவு செய்கிறேன்.

நான் முதுகில் காற்றுச் சிலிண்டரோடு ஏரிக்குள் இறங்கிப் பழகியதே எங்கள் சனத்திடமிருந்து தப்பத்தான். அங்கே ஒருவரும் பிள்ளை என்ன படிக்கிறது என்று கேட்க முடியாது, வாயில் குழாய் இருக்கும். நாலு மணித்தியாலம் கார் ஓடி ரொபமோரிக்குப் போய், படகில் ஏறி, குளிர் புகாத ரப்பர் உடுப்புக்குள் என்னை நானே திணித்துக்கொண்டு நிமிர்ந்தால் எதிர் வாங்குப் பலகையில் நீங்கள். நான் வான் வண்டி வாங்கினால் நீங்களும் வான், நான் வாசலில் மேப்பிள் நட்டால் நீங்களும் மேப்பிள், இப்போது ஏரிக்குள்ளும். படகுக்காரி பட்டியலைப் பார்த்து, இரண்டும் தமிழ்ப் பெயர், நல்ல சோடி என்று எங்களைச் சேர்த்துவிட்டாள். தனியே இறங்க விடமாட்டார்கள். மற்றச் சோடிகள் ஆளையாள் குழாயும் வாரும் இழுத்துச் சரிபார்த்தார்கள். நாங்கள் ஆகாயத்தைப் பார்த்தோம்.

எண்பதடி ஆழத்தில் நாங்கள் பார்க்கப்போன பாய்க்கப்பல். மூழ்கி நூற்றைம்பது வருடம். உப்பில்லாத குளிர்த்தண்ணீர், மரம் தின்னும் புழு இல்லை. மூழ்கிய அன்று இருந்தபடியே நிமிர்ந்து இருக்கிறது, ஒரு பலகை கழலவில்லை. ஏழு வருடத்துக்கு முந்திய உங்கள் அம்மாவின் மரண அறிவித்தலும் என் மனதில் அப்படித்தான் இருக்கிறது. லண்டன், பாரிஸ், ஒஸ்லோ என்று நாற்பத்தொரு பெயர் போட்டீர். மாமியை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு ஏற்றி இறக்கின மருமகனான என் பெயரை மட்டும் விட்டீர். இதை நான் யோசிச்சுக்கொண்டு நிற்க, என்ர வாய்க்குழாய் குளிரில் உறைஞ்சு திறந்தபடி நிண்டிட்டுது. காத்து முழுக்கக் குமிழியாய்ப் போகுது. கையால் கழுத்தை அறுத்துக் காட்டினன். ஏழு வருசமாய் உமக்குக் காட்ட நினைச்ச சைகைதான், ஆனால் தண்ணிக்குக் கீழே அதுக்கு அர்த்தம் காத்து முடிஞ்சுது எண்டு. நீர் உம்மட மேலதிகக் குழாயை என்ர வாயில அடைஞ்சீர். ஆளையாள் வாரில பிடிச்சபடி மேல வந்து, பதினைஞ்சடியில மூண்டு நிமிசம் நிக்கவேணும் எண்டது விதி. அந்த மூண்டு நிமிசமும் ஒரு முழத்தில உம்மட முகம். சுகமோ எண்டு விரலை வளைச்சுக் கேட்டீர். பதில் காட்டாட்டில் பிழை, காட்டினன். அதைக் கதைச்சதாக எடுக்கவேண்டாம்.

படகில ஏறினதும், "அத்தான், என்ன இழுவை இழுக்கிறியள், என்ர மீற்றர் பூச்சியத்தில நிக்குது" எண்டீர். பிறகு மெதுவாய், "உங்கட குழாய் மேல படகிலயே சீறிக்கொண்டு இருந்தது, கண்டனான். நீங்கள் கதைக்கிறேல்லைத்தானே, அதான் சொல்லேல்லை" எண்டீர். எனக்குக் கோபம் வந்தது நியாயம். நீர் அரைவாசிச் சிலிண்டரோட இறங்கினதை நானும் கண்டனான் எண்டதை நேர்மைக்காக இங்கே எழுதுறன்.

ஆகவே நீர் எனக்கு உயிர் தந்தீர் என்பது பொய். விதிப்படி காற்றுத் தந்தீர். எந்த வெள்ளைக்காரனும் தந்திருப்பான். நன்றி சொல்லப் பழத்தட்டோட உம்மட வீட்டுக்குப் போகச் சொல்லி உம்மட அக்கா நாலு நாளாய் எனக்குத் தேத்தண்ணி தாறேல்லை. போகமாட்டன். சீமோனிடம் நீரே போய்த் திருத்திச் சொல்லும். இத்துடன் எங்கள் மௌனம் பழையபடி அமுலுக்கு வருகிறது.

உமது பிள்ளைகளுக்கு என் ஆசி. உமக்கு முறைக்கு ஒரு வணக்கம்.

இப்படிக்கு,
க. அன்புராசா

பி.கு.: மச்சான், 28ஆம் திகதிதான் இந்த வருசத்துக் கடைசிப் படகு. சோடி ஆரெண்டு படகுக்காரி கேட்டாள், உம்மட பெயரைக் குடுத்திட்டன். விடிய ஐஞ்சுக்கு வந்து உம்மை ஏத்துறன். சிலிண்டரை முழுக்க நிரப்பும். உம்மட குழாயை நான் பாக்கிறன், என்ரயை நீர் பாரும். ஒரு மணித்தியாலத்தில வாற பாரி நகர் தாண்டும் மட்டும் காரில ஒண்டும் கதைக்க வேண்டாம்.