டாங்கியாரும் கடைசித் தண்ணீரும்

ஒரேயொரு ஆங்கிலச் சொல்லுக்காகவே இந்த உலகத்தில் ஒரு மனிதர் பிறந்தார் என்றால், அவர் எங்கள் டாங்கியார்தான். அகராதி எழுதுகிறவர்கள்கூட ஒரு சொல்லை முடித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவார்கள். இவர் போகமாட்டார்.

ஐம்பதுகளின் கடைசியில் வவுனியாவில் ஒரு நீர்ப்பாசனக் கந்தோரில் நான் கிளாக்கராகச் சேர்ந்தேன். அங்கே அவர் மொழிபெயர்ப்பாளர். எஞ்சினியர் துரைக்குத் தமிழ் தெரியாது, வயல் செய்கிற கமக்காரருக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இவர் குடையோடு நிற்பார். கந்தோர்க் கடதாசிகளில் வன்னிக் குளங்களை எல்லாம் 'டாங்க்' என்றுதான் எழுதுவார்கள். அதில்தான் அவருக்குச் சனி பிடித்தது, டாங்கியார் என்ற பட்டமும் வந்தது.

நான் போன முதல் நாளே என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, குளமும் டாங்க். பெற்றோல் ஊத்திற தகரமும் டாங்க். சண்டைக்குப் போற இரும்பு வண்டியும் டாங்க். இதென்ன நியாயம்?"

எனக்கு என்ன தெரியும்? "தெரியாது ஐயா" என்றேன். அதைத்தான் அவர் எதிர்பார்த்திருந்தார்.

"அந்த வண்டியை முதலாம் யுத்தத்திலை களவாச் செய்தவங்கள். கதை வெளியிலை போகக்கூடாதெண்டு, தண்ணித் தொட்டி செய்யிறம் எண்டு சொல்லிப்போட்டாங்கள். பொய்க்குச் சொன்ன பேர் நிலைச்சிட்டுது. சரி, தொட்டிக்கு அந்தப் பேர் எங்கையிருந்து வந்தது? போர்த்துக்கீசன் 'தாங்க்கே' எண்டவன். குசினி, அலுமாரி எல்லாத்தையும் எங்களுக்குத் தந்திட்டு இதை மட்டும் இங்கிலீசுக்காரனுக்குக் குடுத்திட்டான், பாரும்!"

அது போர்த்துக்கீசக் கட்சி. குஜராத்தில் நிலத்தடித் தண்ணீர்க் கிடங்கை அப்படித்தான் சொல்வார்களாம், வெள்ளைக்காரன் அங்கே கேட்டுப் பிடித்தானாம் என்பது இன்னொரு கட்சி. தண்ணீரைத் தாங்குகிற நம்முடைய 'தாங்கி'தான் கப்பலேறிப் போனது என்பது மூன்றாவது. மூக்கடைத்துத் தடிமன் பிடித்த நாளில் அவர் குஜராத். நல்ல மீன்குழம்பு சாப்பிட்ட நாளில் தமிழ். மற்ற நாட்களில் போர்த்துக்கீசர். மூன்று கட்சிக்கும் அவரே தலைவர், எதிரியும் அவரே.

ஜீப் டிரைவர் ஒருநாள் காலை தெரியாத்தனமாய், "ஐயா, டாங்க் நிரப்பிப்போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டான். ஜீப் மத்தியானம்தான் புறப்பட்டது. அதற்குப் பிறகு அவன் "எண்ணெய் அடிச்சிட்டு வாறன்" என்று மட்டுமே சொல்வான். டாங்கியார் பெண் பார்க்கப் போன இடத்தில், மாமனாராக இருந்திருக்க வேண்டியவர் தன் வீட்டுக்கு மேலே டாங்க் கட்டியிருப்பதாய்ப் பெருமையடித்தாராம். தேத்தண்ணீர் ஆறியது, பெண் உள்ளே போய்ப் படுத்தது, சம்பந்தமும் அதோடு சரி. அவர் தனிக்கட்டையாய் நின்றதற்குக் காரணம் இதுதான் என்று கந்தோரில் கதை. நான் அதை முழுதாக நம்புகிறேன்.

இவையெல்லாம் சிரிக்கக்கூடியவை. குளக்கட்டுக் கூட்டம் அப்படியல்ல. கோடை வேளாண்மையான சிறுபோகத்தில் கதிர் பால்பிடிக்கிற நேரம், குளத்தில் மிஞ்சிக் கிடக்கிற தண்ணீரைத் திறப்பதா இல்லையா என்று குளக்கட்டிலே, மருதமரத்துக்குக் கீழே கூடித்தான் முடிவெடுப்பார்கள். துரை ஓம் என்றால்தான் மதகின் துருசுக் கதவு திறக்கும். துரைக்கோ யானைப் பயம். வெயில் சாயமுன் ஒட்டுசுட்டான் காட்டைத் தாண்டிவிட வேண்டும் என்று ஜீப்பைப் பார்த்தபடியே இருப்பார்.

ஒரு வருடம் துரை வாயைத் திறந்து 'டாங்க்' என்றதும் இவர் தொடங்கினார். போர்த்துக்கீசர் கரையிறங்குவதற்குள் துரை ஜீப்பில் ஏறிவிட்டார். முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அடுத்த கூட்டம் வந்தபோது வாய்க்கால் கடைசியில் இருந்த வயல்களெல்லாம் பதர்.

மறுவருடம் ஊரார் ஒரு திட்டம் போட்டார்கள். டாங்கியாரைச் சாப்பாட்டால் விழுத்துவது, நித்திரையானதும் என்னை மொழிபெயர்க்க விடுவது. என் ஆங்கிலம் லீவு கேட்க மட்டுமே போதும் என்று நான் கெஞ்சியது ஒருவர் காதிலும் ஏறவில்லை.

கூட்டத்தன்று மத்தியானம் பொன்னம்மாக்கா வீட்டில் விருந்து. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வாய்க்கால் கடைசியில் கமம் செய்கிறவர் அவர். மான் இறைச்சி, எருமைத் தயிர், காட்டுத்தேன் என்று வந்துகொண்டே இருந்தது. டாங்கியாரின் கண் மெல்லச் செருகியது. அந்த நேரம் பார்த்து அவர் தயிர்ச்சட்டியை உற்றுப்பார்த்தார்.

"பிள்ளை, யோசிச்சுப் பார்த்தால் இந்தச் சட்டியும் ஒரு டாங்க்தான்..."

பொன்னம்மாக்காவின் அகப்பை நின்றது.

"ஐயா, குறை நினையாதேங்கோ. போன வருசம் நீங்கள் அந்தச் சொல்லைச் சொல்லி முடிக்கமுன்னம் துரை போயிட்டார். என்ரை வயல் முழுக்கப் பதர். இந்த முறையும் பதரெண்டால் நான் பிள்ளையளோடை யாழ்ப்பாணம் திரும்பிப் போறதைத் தவிர வேறை வழியில்லை."

டாங்கியார் தயிர்ச்சட்டியைத் தள்ளிவைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஏன் ஒருத்தரும் எனக்கு இதைச் சொல்லேல்லை?"

"நீங்கள் எங்களைக் கதைக்க விட்டால்தானே!"

அவர் எழுந்து கைகழுவினார். நித்திரை எந்தப் பக்கம் போனதோ தெரியாது.

கூட்டம் தொடங்கியது. துரை சொன்னதை இவர் தமிழில் சொன்னார், கமக்காரர் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. துரைக்கே சந்தேகம் வந்துவிட்டது. 'டாங்க்' என்ற இடத்தில் அவர் பேச்சை நிறுத்திச் சிரித்தபடி, "என்ன, இன்றைக்கு அந்தச் சொல்லின் கதை இல்லையா?" என்று ஆங்கிலத்தில் வலியக் கேட்டார். அவ்வளவு ஆங்கிலம் எனக்கும் விளங்கியது. பசித்தவன் முன்னால் இலையைப் போட்டதுபோல் இருந்தது டாங்கியாரின் முகம்.

"அதைப் பிறகு பார்க்கலாம், சேர். இவர்களுக்குத் தண்ணீர் வேண்டும்" என்றார், அவரும் ஆங்கிலத்தில்.

துரை ஓம் என்றார். துருசு திறபட்டது. ஜீப் காட்டுப் பக்கம் பறந்தது. சனம் வாய்க்காலைப் பார்க்க ஓடியது. டாங்கியார் மட்டும் மரத்தடியில் குடையை மடித்து வைத்துக்கொண்டு, காய்ச்சல்காரர்போல் இருந்தார்.

தண்ணீர் தன் வயல் வாசலுக்கு வந்ததைக் கண்ணால் கண்டுவிட்டுப் பொன்னம்மாக்கா திரும்பி வந்தார். சேற்றுக்காலோடு டாங்கியாருக்கு முன்னால் குளக்கட்டின்மேல் குந்தினார்.

"இனிச் சொல்லுங்கோ ஐயா. அந்தச் சொல் எங்கையிருந்து வந்தது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். பின்னால் ஒவ்வொருவராக வந்து மற்றவர்களும் குந்தினார்கள். அன்று போர்த்துக்கீசர் வந்தார்கள், குஜராத் வந்தது, இரும்பு வண்டி வந்தது, தமிழும் கப்பலேறியது. கடைசி பஸ் போய்விட்டது. ஒருவரும் எழும்பவில்லை.

அந்தக் கதை முழுவதும் எனக்கு மனப்பாடம். ஆனாலும் அன்றைக்குத்தான் முதல்தடவையாக, அது முடிந்துவிடக்கூடாதே என்று இருந்தது.