பாசி ஜாடியில் கை வைத்தது யார்?

பேராசிரியர் ஐயா அவர்களுக்கு,

உங்களிடம் ஆராய்ச்சி படிக்கும் பெண்ணின் பாட்டி வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள். நாங்கள் அப்படி இல்லை.

பாசி ஜாடி சோதனைக்கு உங்களிடம் வருவதற்கு முந்தின நாள் எங்கள் சமையலறையில் இருந்தவர்கள் நான், என் மருமகள், குழாய் ரிப்பேர்காரர், கீழ்வீட்டு டீச்சரம்மா, என் பேத்தி. வேறு ஈ காக்கை இல்லை. ஜன்னலோரம் வெளிச்சத்தில் பேத்தியின் நீலப்பச்சைப் பாசி ஜாடி. அதைப் பத்தி அவ எனக்கு விவரமா சொல்லியிருக்கா. நம்ம செல்லுக்குள்ள உட்கருன்னு ஒரு அறை, அதுல டி.என்.ஏ.ங்கிற நூலு, நூலைச் சுத்தி வைக்க ஹிஸ்டோன்னு ஒரு புரதக் கட்டை. பாசிக்கு அறையும் கிடையாது, கட்டையும் கிடையாதாம், நூல் மட்டும் நடுவுல சும்மா கிடக்குதாம். கட்டையில்லாத நூல் சிக்கு விழாம கிடக்குதுன்னதும் எனக்கு அப்பவே சந்தேகம்தான்.

இப்ப நீங்க சோதிச்சுப் பாத்துட்டு, இதுல கட்டை இருக்கு, வேற ஏதோ ஜாடியில கலந்திருக்கு, இவ சுத்தமா வேலை பாக்கல, ஆராய்ச்சி பூரா செல்லாதுன்னு சொல்லிட்டீங்களாம். பிள்ளை சாப்பிடாம சுருண்டு கிடக்கா. கலந்தது யாருன்னு நான் சொல்றேன். குழாய்க்காரர் துருத் தண்ணியைப் பீச்சி அடிச்சாரு. கேட்டா, "குழாயைத் தவிர எதுவும் என் கண்ணுல படாது பாட்டி"ங்கிறாரு. மேஜைமேல இருந்த பிஸ்கட் மட்டும் பட்டுச்சே. டீச்சரம்மா மகள் கல்யாணத்துக்குன்னு என் கத்தரிக்கோலை வாங்கிட்டுப் போனவங்க, அந்த மகளோட மகன் இப்ப காலேஜ் போறான், கத்தரிக்கோல் இன்னும் வரல. அவங்கதான் ஜாடியைத் தூக்கி, "என்ன இது, தண்ணியே மாத்தலையா"ன்னு மூடியைத் திருகினாங்க. மருமகளோ நான் வாயைத் திறக்குறதுக்கு முந்தியே, "அத்தை, நான் எதையும் தொடல"ங்கிறா. கேக்காமலே சொல்றவ எதுக்குச் சொல்றா?

மூணு பேரையும் கூப்பிட்டு விசாரிங்க. பேத்தி படிப்புல மட்டும் கை வைக்காதீங்க. நீங்கள் நீண்ட ஆயுளோடும் தெளிந்த கண்பார்வையோடும் இருக்க வேண்டிக்கொள்ளும்,

பாட்டி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பேத்திக்கு உங்க ஃபோன் வந்துச்சு. ஒப்பிட்டுப் பாக்க வச்சிருந்த வெங்காய வேர்ச் சாறு உங்க கையாலேயே இடம் மாறிடுச்சாம், நீங்க சோதிச்சது அதைத்தானாம், கட்டை இருந்தது வெங்காயத்துலதானாம், பாசியில கட்டையே இல்லையாம். அதனால மேலே எழுதினதையெல்லாம் அடிச்சுடுங்க, கத்தரிக்கோல் நீங்கலாக. குழாய்க்காரர், டீச்சரம்மா, மருமகள், நீங்க, எல்லாரையும் மன்னிச்சாச்சு. ஆனா நேத்து சுவரைப் பாத்துப் படுத்துக்கிட்டே, "பாட்டி, உண்மையைச் சொல்லு, நீ ஜாடியில ஏதாச்சும் ஊத்தினியா"ன்னு ஒருத்தி கேட்டா. அவளை மட்டும் மன்னிக்க மாட்டேன். என் பேத்தியை.