முந்நூற்றைம்பது பவுண்டு மனிதர்

ஆட்டக்காரரிடம் அன்பு செலுத்தும் முறையை உலகம் கற்றுக்கொள்ள விரும்பினால், லங்காஷயரில் உள்ள ஹெப்பிள்ஷா கால்பந்துக் கழகத்தின் இயக்குநர் குழுவிடந்தான் கற்றுக்கொள்ளல் வேண்டும். அக்குழுவின் செயலராகப் பத்தொன்பது ஆண்டுகள் நடவடிக்கைக் குறிப்பு எழுதியவன் என்ற தகுதியில் இதனைக் கூறுகின்றேன்.

இனாக் திரெல்ஃபால் எங்கள் தடுப்பாட்டக்காரர். ஒன்பது பருவங்கள் இடப்பக்கம் காத்தவர். அவரைத் தாண்டிச் சென்ற எதிரணியினர் சிலர். தாண்ட முயன்று, வேலிக்கு அப்பால் பார்வையாளர் மடியில் அமர்ந்தோர் பலர். 1909ஆம் ஆண்டில், அவருடைய ஓட்டம் சற்றே தளர்ந்துள்ளதாகக் குழுத்தலைவர் திரு. ஆர்மராய்டு கண்டறிந்தார். தலைவர் நூலாலை அதிபர். பந்து உருண்டையானது என்பது வரை அவருக்குக் கால்பந்து தெரியும்.

எங்கள் நாட்டில் உயர்ந்த வழக்கம் ஒன்று உண்டு. தனக்கு வேண்டாத ஆட்டக்காரருக்குக் கழகம் ஒவ்வொரு மே மாதமும் விலை குறிக்கும். அவ்விலையைக் கொடுக்க வேறொரு கழகம் வரும்வரை அவர் எங்கும் ஆடலாகாது. எங்களிடம் ஊதியமும் பெறலாகாது. இதற்கு 'ஓய்வு' என்று பெயர். இனாக்கிற்கு முந்நூற்றைம்பது பவுண்டு குறித்தோம். பக்கத்து ஊரின் சிறிய கழகம் ஐம்பது பவுண்டு தர முன்வந்தது. ஒன்பதாண்டுக் காவலரை அத்துணை மலிவாக விற்று 'அவமதிக்க' எங்கள் மனம் இடந்தரவில்லை.

ஆகஸ்டு மாதக் கூட்டத்திற்கு இனாக் வந்தார். ஆட்ட இடைவேளையில் இயக்குநர்களுக்கு வழங்கும் பன்றியிறைச்சிப் பணியாரம் சூடாக இருத்தல் வேண்டுமா என்பதை ஒரு மணி நேரம் ஆராய்ந்து, வேண்டும் என்று அப்பொழுதுதான் முடிவு செய்திருந்தோம். அவர் தொப்பியைக் கையில் பிடித்தவாறு, மூன்று குழந்தைகளும் வெறும் ரொட்டி தின்பதையும், மனைவி ஹானா மீண்டும் தறிக்குச் சென்றுவிட்டதையும் கூறினார். அந்த ஐம்பதுக்கே தம்மை விட்டுவிடுமாறு வேண்டினார்.

"நீ எங்க சொத்துப்பா இனாக்," என்றார் தலைவர். "சொத்தைக் கேட்ட விலைக்கு யாராச்சும் தூக்கிக் குடுப்பாங்களா?"

"மைதானத்துல உருளை இழுக்குதே, அந்தக் குதிரையும் உங்க சொத்துதான் முதலாளி. புல்லு கெடாம இருக்க அதுக்குத் தோல்ல செருப்பு தச்சுப் போட்டிருக்கீங்க. கோடை முழுக்க ஓட்ஸும் வைக்கிறீங்க."

தலைவர் சிந்தித்தார். "குதிரைக்கு வேற தொழில் தெரியாதே. நீ சுரங்கத்துக்காரன் மகன்தானே?"

இத்துணைத் தெளிவான வாதத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. கேள்வியைக் குறிப்பேட்டில் பதிவு செய்தேன். இனாக் விடை கூறாமையால், 'ஒப்புக்கொண்டார்' என்றும் சேர்த்தேன்.

மறு திங்களன்று அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினார். அக்டோபரில் சுரங்கக் கூரை அவர்மீது சரிந்தது.

எங்கள் குழுவின் பெருந்தன்மை அன்றுதான் முழுமையாக வெளிப்பட்டது. அவசரக் கூட்டம் கூடிற்று. எவரும் மறுத்துப் பேசவில்லை. ஒரு பென்னியும் கேளாமல், இனாக் திரெல்ஃபாலை ஒருமனதாக விடுதலை செய்தோம். விடுதலைக் கடிதத்தை என் கைப்படவே எழுதி, மருத்துவமனைக்கு நேரில் கொண்டுசென்றேன். இனாக் உறங்கிக்கொண்டிருந்தார். ஹானா வாங்கி இருமுறை படித்தாள்.

"அப்போ இனிமே இவரு எந்தக் கழகத்துக்கு வேணும்னாலும் ஆடலாமா, ஐயா?"

"ஒரு தடையும் இல்லைம்மா," என்றேன்.

அவள் கடிதத்தைத் திருப்பி நீட்டினாள். நான் அதனைக் கட்டிலில், போர்வையின்மேல், அவருடைய இடக்கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வைத்தேன். இடம் தாராளமாக இருந்தது.