சுடப்பட்ட தலைவர்

வாசல் பெருக்குகிறவர் ஆலைக்குத் தரவேண்டியது நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். மனைவியின் வைத்தியத்துக்கு வாங்கியது. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். கடன் மட்டும் கூடவே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

ஐம்பது வயதில் எழுத்துக் கற்றவர். அதனாலேயே வாசல் பலகையில் 'வரலாற்றில் இன்று' என்று தினம் ஒரு வரி எழுதும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. அதற்கான சில்லறைக் கூலி கடனில் கழியும். ஆலையே அச்சடித்த தினக் காலண்டரைப் பார்த்து எழுதினால் போதும்.

அன்று காலண்டரில் அன்றைய தாளைக் காணோம். யாரோ கிழித்திருந்தார்கள்.

பலகை காலியாக இருந்தால் கூலி போய்விடும். வெளியே விடாத மழை. அவருக்குத் தோன்றியதும் சாவுதான்; ஒன்றைத் தானே கற்பனை செய்து எழுதினார்.

'1902: தொழிலாளர் தலைவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.'

சங்கச் செயலாளர் வந்து நின்றார். "யாருண்ணே இது?"

"வெளிநாட்டுக்காரரு தம்பி. பேரு வாயில நுழையல."

"எதுக்குச் சுட்டாங்க?"

"கூலி கேட்டாராம்." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

செயலாளர் பின்னால் நின்றவர்களிடம் திரும்பினார். "அவரேதான்! நான் அப்பவே படிச்சிருக்கேன்."

பெருக்குகிறவர் பலகையை மறைத்துக்கொண்டு நின்றார். "ரொம்பப் பழைய கதை. விட்ருங்க."

"எப்படி விடறது? நூறு வருஷமா நம்மகிட்ட மறைச்சிருக்காங்க!"

பத்து மணிக்குள் பெருக்குகிறவரின் ஒரே குடை துண்டு துண்டாகி, எல்லார் சட்டையிலும் கறுப்புத் துணியாகத் தொங்கியது. அவர் சட்டையிலும் ஒன்று குத்தினார்கள்.

"சாகும்போது என்ன சொன்னாரு?" என்று கேட்டார் செயலாளர்.

சாதுவாக ஒன்றைச் சொன்னால் அடங்கிவிடுவார்கள் என்று நினைத்தார். "'எல்லாரும் கொஞ்சம் உக்காருங்க'ன்னாராம்."

ஆலையின் எண்பது பேரும் இயந்திரங்களை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள்.

முதலாளியின் கார் வாசல் வரை வந்தது. கண்ணாடி பாதி இறங்கியது, சில காகிதத் துண்டுகள் வெளியே விழுந்தன, கண்ணாடி ஏறியது. வந்த வழியே கார் திரும்பிப் போனது.

"பயந்துட்டான்யா!" என்று கத்தினார் செயலாளர். கைதட்டல் கூரையைத் தொட்டது.

பெருக்குகிறவர் மட்டும் நனைந்துகொண்டே பலகையை அழிக்கப் போனார். ஆபீஸ் டைப்பிஸ்ட் அம்மா ஓடி வந்து, காணாமல்போன காலண்டர் தாளை அவர் கையில் வைத்தாள்.

"'இந்த நாளில் நம் ஆலை தொடங்கப்பட்டது'ன்னு போட்டிருக்கு பாருங்க, அதை எல்லார் முன்னாலயும் படிச்சுட்டு எல்லார் கடனையும் தள்ளுபடி பண்றேன்னுதான் முதலாளி இதைக் கிழிச்சு வைக்கச் சொன்னாரு, இப்ப கார்லயே அந்தத் தள்ளுபடி லிஸ்ட்டைக் கிழிச்சுப் போட்டுட்டாரு, அதுல முதல் பேரு உங்களதுண்ணே."