பைட் கஞ்சன்

மாத்தளை மாவட்டம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் பைட் கஞ்சனைப் போல ஒரு கஞ்சன் கிடைக்க மாட்டார். காசு விஷயத்தில் தாராளமான மனிதர்; ஆபீசுக்கே பாலில்லாத பிளேன்டி வாங்கித் தருவார். கம்ப்யூட்டர் சிப்பின் நினைவகத்துக்குள் ஒரு பைட் இடம் கேட்டால்தான் முகம் சுருங்கும்.

நாவுலப் பகுதி மரக்கறித் தோட்டங்களுக்கு மண்ணின் ஈரம் பார்க்கும் கருவி செய்கிற சின்னக் கம்பனி எங்களுடையது. மாத்தளை டவுனில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடி. கருவியை ஆட்டுவிக்கும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல், சிப்பின் குட்டி நினைவகத்துக்குள் அடங்க வேண்டும். நான் நிரல் எழுதுவேன், அவர் அதை வெட்டிச் சுருக்குவார்.

கணக்குப் போடும்போது எண்களைப் பிடித்து வைத்திருக்கும் ரெஜிஸ்டர்கள்தான் புராசஸருக்குக் கைகள் என்பார். எங்கள் சிப்பில் முதல் எட்டு ரெஜிஸ்டர்களோடு நிறுத்திக்கொண்டால் கட்டளைகள் குட்டையாக இருக்கும்; ஒன்பதாவதைத் தொட்டால் பெரும்பாலும் நீண்டுவிடும். நான் ஒரு மாறியைக் கூடுதலாக வைத்துவிட்டால், அவருடைய காணிக்குள் வேலி தள்ளிப் போட்டவளைப் பார்ப்பது போலப் பார்ப்பார். கையில் இருப்பதைக் கீழே வைத்து மறுபடி எடுப்பது அவருக்கு மகா பாவம். வைக்க ஒரு கட்டளை, எடுக்க ஒரு கட்டளை, இரண்டுமே தண்டம்.

வீதியிலும் அதே சட்டம்தான். ஒருநாள் மழையில் நடந்துகொண்டிருந்தோம். அவருக்கு ஒரு கையில் குடை, மறு கையில் தேநீர். போன் அடித்தது. மனிதர் கோப்பையைப் பக்கத்தில் நின்ற டிராபிக் பொலிஸ்காரர் கையில் கொடுத்துவிட்டு ஆற அமரப் பேசினார். பொலிஸ்காரர் திகைத்துப்போய் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். எனக்கு மானம் போனது.

"அந்தக் கை சும்மாதானே மிஸ் இருந்துச்சு" என்றார் கஞ்சன்.

பேச்சிலும் வெட்டுத்தான். யட்டவத்தையில் ஒரு நண்பரின் கல்யாணத்தில் வாழ்த்திப் பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள். "சாப்பிடுவோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அன்று அவருக்குக் கிடைத்த கைதட்டல் மாப்பிள்ளைக்குக்கூடக் கிடைக்கவில்லை.

இந்த மனிதரைத்தான் எனக்குப் பிடித்துத் தொலைத்தது. கொழும்பில் வேலை கிடைத்தபோது, 'போகாதீங்க' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் இங்கேயே இருந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஒரே வார்த்தைதானே, கஞ்சனுக்கும் கட்டுப்படியாகும். அவரோ கடைசி நாள் வரை தலை நிமிராமல் என் நிரலை வெட்டிக்கொண்டிருந்தார். நானும் வாய் திறக்கவில்லை; அவரோடு வேலை பழகியதன் பலன்.

புறப்பட்ட காலை பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். வந்தவர் பேசினார். ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் பனி இறங்கியிருப்பதைச் சொன்னார். கொழும்பு வெக்கையைச் சொன்னார். தண்ணிப் போத்தல் இருக்கிறதா என்று கேட்டார், கொஞ்ச நேரத்தில் அதையே மறுபடியும் கேட்டார். ஆபீசில் வருஷக்கணக்காக மிச்சம் பிடித்ததையெல்லாம் அங்கே நின்று கொட்டினார். நான் காத்திருந்த வார்த்தை மட்டும் அதில் இல்லை. பஸ் நகர்ந்தபோது ஜன்னலோடு கூடவே நடந்து வந்தார்.

"இடது பக்கம் வெயில் அடிக்கும் மிஸ், வலது பக்கம் மாறி உக்காருங்க. காலையில போற பஸ்ல எப்பவும் அப்பிடித்தான். மறந்துறாதீங்க."

இன்றைக்கும் கொழும்பில் எந்த பஸ்ஸில் ஏறினாலும் வலது பக்கமாகத்தான் போய் உட்காருகிறேன், வெயில் அந்தப் பக்கமே அடித்தாலும்.