புல்லரித்த கை

கலியாணசுந்தரத்துக்கு இரண்டு கைகளிலும் தோளிலிருந்து முழங்கை வரை பொடிப்பொடியாய்ச் சொரசொரப்பு. இறகு உரித்த கோழியின் தோல்தான். வலியில்லை, அரிப்பில்லை. பதினோரு வருஷக் குடித்தனத்தைக் காப்பாற்றி வந்ததே அந்தச் சொரசொரப்புதான்.

காரணம், அவர் மனைவி கமலவேணி பாடுவாள். காஜா பெராங் தெருவுக்கே தெரியும். பாடுவது அவள், படாத பாடு படுவது அவர். முடித்ததும், "எப்படிங்க?" என்பாள். மனிதர் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டுவார்.

"பாரு கமலா, புல்லரிச்சிருச்சு!"

மெர்டேக்கா நெருங்கும்போதுதான் அவர் புத்தி கெட்டது. சுதந்திர நாள் ஊர்வலத்துக்கு ஆபீசில் அரைக்கைச் சட்டை கொடுத்தார்கள். அன்று பார்த்து, கிளினிக்கில் மருந்து கட்டும் டிரசர் ராஜரத்தினம் பசாரில் வழிமறித்தார்.

"இந்தக் கோழித்தோலோடவா பாடாங் திடல்ல நடக்கப் போறீங்க? நம்ம கிளினிக்குக்குப் புது லாம்பு வந்திருக்கு லா. ஊதா வெளிச்சம் அடிச்சு மருந்து பூசினா வழவழன்னு ஆயிரும்."

வீட்டில் மூச்சு விடாமல் ஆறு வாரம் புக்கிட் பாரு கிளினிக்குக்குச் சைக்கிள் மிதித்தார். கை வழவழத்தது. கண்ணாடி முன் தடவித் தடவிப் பூரித்துப் போனார். கூடத்தில் சுருதிப்பெட்டி ஒலித்த பிறகுதான், இனிப் புல்லரித்ததென்று காட்ட எதுவுமில்லை என்பது உறைத்தது.

குளியலறைக்கு ஓடி ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். தும்மல் வந்தது. உப்புத்தாளால் தேய்த்தார். எரிந்ததுதான் மிச்சம்.

"என்னங்க, உக்காருங்க!"

உட்கார்ந்தார். எழுந்தார். ஜன்னலைச் சாத்தினார், திறந்தார். பாட்டு முடிந்தே விட்டது.

"கையைக் காட்டுங்க."

"குளிருது கமலா…"

"வேர்த்துக் கொட்டுது, குளிருதாம்!"

அவளே சட்டைக் கையைச் சுருட்டினாள். ஒரு பொடிகூட இல்லை.

"அது வந்து… லாம்பு…"

"தெரியும். ராஜரத்தினம் அண்ணன உங்ககிட்ட அனுப்பினதே நான்தான்."

"நீயா! எதுக்கு?"

"மெர்டேக்கா மேடையில பாடக் கூப்பிட்டிருக்காங்க. நான் பாடாதப்பவும் உங்களுக்குப் புல்லரிக்குதே, நீங்க தூங்கறப்போ தடவிப் பார்த்தேன். இனிமே இந்தக் கையாவது உண்மை சொல்லட்டும்."

கமலவேணி எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டாள். சுருதிப்பெட்டியை மடியோடு இழுத்துக்கொண்டாள்.

"இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. நெசமாவே புல்லரிக்கிற வரைக்கும் பாடுறேன். உக்காருங்க."